விதைக்கடை அனுசுயா

எனக்கு மொத்தம் அறுபத்து மூன்று அவதாரங்கள். நாயன்மார் கணக்கு. திட்டம் போட்டு வந்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, இரண்டு போன், நினைத்தால் சுற்றும் ஒரு மின்விசிறி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் போன் செய்து பேசுவது எங்கள் வேலை. மாத்திரை போட்டாயா, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது, அடுத்த டப்பா வாங்க என்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், இவ்வளவுதான். கேட்டால் சின்ன வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவருடைய போன் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. மணி அடித்தால் கைக்கு எட்டியவர் எடுப்பார். மாமியார் எடுப்பார், மச்சான் எடுப்பார், வாசலில் முருங்கைக்கீரை விற்க வந்தவர்கூட ஒரு தடவை எடுத்தார். அவர்களிடம் நான் யாரென்று எப்படிச் சொல்வது? அதனால் முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டு வைத்துக்கொள்வேன்.

"உங்க வீட்டுல வேற யாராச்சும் எடுத்தா நான் யாருன்னு சொல்லட்டும்?"

அவர்கள் சொல்வதுதான் என் அவதாரம். சீர்காழியில் ஒருத்திக்கு நான் தையல் வகுப்பு டீச்சர். ஒரத்தநாட்டில் ஒருவருக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட். சீர்காழி மாமியார் எனக்கு ஜாக்கெட் தைத்துக்கொடு என்று மூன்று மாதம் விடவில்லை. கடைசியில் எங்கள் தெருத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து அனுப்பினேன். கை இறுக்கம் என்று திட்டு வேறு வாங்கினேன்.

இதில் என்னைப் படாத பாடு படுத்தியது விதைக்கடை அவதாரம்தான். அதைக் கொடுத்தவன் பகலவன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம், இருபத்தெட்டு வயது, நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவனுக்கு நோய் இருப்பது தெரிந்து அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது.

"விதைக்கடை அனுசுயான்னு சொல்லுங்கக்கா. எங்கப்பா நெல்லத் தவிர வேற எதையும் கேக்க மாட்டாரு" என்றான்.

அதுதானே சிக்கல். நான் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். எனக்கு நெல்லைத் தெரிந்ததெல்லாம் சோறாகத்தான். எந்த மீன் எந்த மாதம் கொழுப்பு வைக்கும் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன்.

பகலவனின் அப்பா வீரையன் முதல் தடவை போனை எடுத்தபோது ஆடி மாதம். அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும். கோழி கத்துவது, மோட்டார் ஓடுவது, அவர் மனைவி அம்சம் பாத்திரம் உருட்டுவது எல்லாம் கூடவே கேட்கும்.

"விதைக்கடையா? சி.ஆர். ஆயிரத்தொம்போது இருக்காம்மா?"

"இருக்குங்கய்யா."

"அதுக்கு எத்தன நாளு வயசும்மா இப்ப சொல்றாங்க?"

பக்கத்து மேசையில் செம்மொழி. ஒரத்தநாட்டுப் பெண், வீட்டில் நிலம் இருக்கிறது, நெல்லைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்த நேரம் பார்த்து அவளும் ஒரு போனில் இருந்தாள். எங்கேயோ காதில் விழுந்த ஒரு எண்ணை எடுத்து விட்டேன்.

"தொண்ணூறு நாளுங்கய்யா."

அந்தப் பக்கம் கோழிகூடக் கத்தவில்லை. "அப்படியாம்மா. ரொம்ப வெரசாத்தான் வருது" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

செம்மொழி போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது நூத்தம்பது நாளுக்கு மேல போற நெல்லுக்கா. பத்து மாசத்துல பொறக்க வேண்டிய புள்ளைய ஆறு மாசத்துல பெத்துக் கையில குடுத்துட்டீங்க."

அதற்குப் பிறகு அவள் வாயைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன். வீரையன் கேட்பார், நான் கையால் போனைப் பொத்திக்கொண்டு செம்மொழியைக் கேட்பேன், அவள் சொல்வதை அப்படியே ஒப்பிப்பேன். புகையான் பூச்சிக்கு என்ன செய்வது, பயிர் மஞ்சளடித்தால் என்ன போடுவது, எல்லாம் சொன்னேன். முடிவில் மறக்காமல், "வீட்டுல எல்லாரும் சாப்பிட்டீங்களா, தம்பி நல்லாத் தூங்குறாரா" என்று விசாரிப்பேன். அவரும் பொறுமையாகப் பதில் சொல்வார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துத்தான் இருந்தது.

மார்கழியில் அது கெட்டது. பகலவன் மாத்திரை வாங்க வரவேண்டிய தேதி தாண்டி நான்கு நாள் ஆகியும் வரவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் அப்பாதான் எடுத்தார்.

"அவன் மோட்டார் கொட்டாய்ல இருக்கான்ம்மா. போன வூட்டுல போட்டுட்டுப் போயிர்றான். படுக்கை, சாப்பாடு எல்லாம் அங்கதான்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரு கொட்டகையை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வீரமணி படகில் கூலிக்குப் போனவர். இந்த நோயில் அவர் இறந்த மறு வாரமே எனக்கும் அது இருக்கிறது என்று தெரிந்தது. மாமியார் வீட்டில் என்னையும் மூன்று வயது மகளையும் வலை போட்டு வைக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அலுமினியத் தட்டு ஒன்று, அதுவும் தள்ளி வைப்பார்கள். பதினாறு வருடம் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் வீரையன் கொட்டாய் என்றதும் நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ஆளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பிள்ளையைத் துரத்திவிட்டார், சி.ஆர். ஆயிரத்தொன்பதாம், மண்ணாங்கட்டியாம் என்று செம்மொழியிடம் பொரிந்து தள்ளினேன்.

"தெரிஞ்சிருச்சுன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்? பகலவன் சொல்லாம நம்ம வாயிலேருந்து ஒரு வார்த்த வரக்கூடாது" என்றாள் அவள். அதுதான் எங்கள் சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீரையனே கூப்பிட்டார். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"விதைக்கடையா? ஒரு சந்தேகம்மா."

"சொல்லுங்கய்யா" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

"நாத்தங்கால்ல ஒரே ஒரு நாத்து நோவு கண்டு நிக்குது. ஒரே தண்ணிதான பாயுது, ஒரே மண்ணுதான. கூட வச்சிருந்தா மத்ததுக்குத் தொத்துமா?"

நான் போனைப் பொத்திக்கொண்டு செம்மொழியைப் பார்த்தேன். அவள் ஒரு கையில் எலுமிச்சைச் சோறு, இன்னொரு கையால் மூன்று மணிக்குள் அனுப்பவேண்டிய அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுன்னா புடுங்கி எரிச்சிரச் சொல்லுங்கக்கா. வச்சிருந்தா மொத்தத்துக்கும் வந்துரும்" என்றாள் திரும்பாமலே.

அதை அப்படியே சொன்னேன். "புடுங்கி எரிச்சிருங்கய்யா. வச்சிருந்தா எல்லாத்துக்கும் வந்துரும்."

"வேற வழி இல்லையாம்மா?"

"இல்லைங்கய்யா. ஒண்ணுக்குப் பாவம் பாத்தா நூறு போயிரும்."

கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு. முதல் தடவையாக நெல்லைப் பற்றி நானே ஒன்று சொல்லிவிட்ட பெருமை வேறு எனக்கு.

 அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒத்த நாத்தும்மா. அதையும் புடுங்கிட்டா எனக்கு வயல் எதுக்கு?"

இணைப்பு அறுந்தது.

"ஒரு நாத்துக்குப் போய் இந்த உருகு உருகுறாரு. இந்தப் பாசத்துல கொஞ்சம் பெத்த புள்ள மேல வச்சிருக்கலாம்" என்றேன்.

செம்மொழி கையைக் கழுவிவிட்டு வந்தவள் அப்படியே நின்றாள். "எந்த நாத்துக்கா?"

"நாத்தங்கால்ல நிக்கிறது. இப்பத்தான கேட்டேன்?"

"அக்கா, இது மார்கழி. எங்க பக்கமெல்லாம் கதிர் முத்தி நிக்குது. தை பொறந்தா அறுப்பு. மார்கழியில எவன் வூட்டுல நாத்தங்கால் இருக்கும்?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.  ஒத்தை நாற்று. ஒரே பிள்ளை. ஒரே தண்ணீர், கூட வைத்திருந்தால் தொத்துமா என்று ஒரு தகப்பன் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார். பிடுங்கி எரித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பழமொழி வைத்து.

உடனே திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அடித்தேன், எடுக்கவில்லை. மூன்று மணி அறிக்கை நான்கு மணிக்கும் போகவில்லை. செம்மொழி, "நான் சோறு திங்கிற அவசரத்துல சொல்லிட்டேன்க்கா" என்று கண்ணைக் கசக்கினாள். அவளை அழாதே என்று அதட்டிவிட்டு நான் அழுதேன்.

சட்டம் ஒன்று இருக்கிறதே. பகலவன் சொல்லாமல் நோயின் பெயரை அவரிடம் சொல்ல முடியாது. அப்படியானால் நெல்லாகவேதான் பேசியாகவேண்டும். இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். 'ஐயா, மதியம் சொன்னது வேறு நோய்க்கு. இந்த நாற்றைப் பிடுங்கக் கூடாது. இதற்கு மருந்து இருக்கிறது, தினம் ஒரு வேளை, ஒருநாள் விடாமல். கொடுத்தால் மற்றப் பயிரைப்போலவே தூர் கட்டும், கதிர் வாங்கும். ஒரே தண்ணீர் பாய்ந்தால் தொத்தாது. பக்கத்தில் நின்றால் தொத்தாது.' எந்த வேளாண் அதிகாரியும் கேள்விப்படாத நோய், எந்தக் கடையிலும் விற்காத மருந்து.

ஐந்தரை மணிக்கு ஒன்பதாவது தடவையாக அடித்தபோது போனை எடுத்தார்கள். தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, விதைக்கடையிலேருந்து..."

"என்னப் புடுங்கி எரிக்கச் சொன்னீங்களாம்ல" என்றது பகலவன் குரல். அதோடு ஒரு சிரிப்பு. ஐந்து மாதத்தில் அவன் சிரித்து நான் கேட்டதில்லை.

"பகலவா, நீயா? அப்பா எங்க? போன ஏன்டா எடுக்கல?"

"போனு வரப்புல கெடந்துச்சுக்கா. நாங்க பேசிக்கிட்டே அந்தத் தலைமடை வரைக்கும் போயிட்டோம். மத்தியானம் நான் கொட்டாய் உள்ள கட்டில்ல படுத்திருந்தேன். அப்பா நான் தூங்குறேன்னு நெனச்சு வெளிய நின்னு ஸ்பீக்கர்ல பேசுனாரு. மார்கழியில நாத்துன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அவருக்குத் தெரியும்னு. அப்படியே செத்துரலாம்னு இருந்துச்சு. அந்த நேரம் பாத்து நீங்க, புடுங்கி எரிச்சிருங்கன்னு அவ்ளோ தைரியமா சொல்றீங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. எழுந்து வெளிய வந்தா அப்பா அழுதுக்கிட்டு நிக்கிறாரு, நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அக்காவுக்கு மீனத் தவிர ஒண்ணும் தெரியாதுப்பா, அது நெசமாவே நாத்துன்னு நெனச்சிருச்சுன்னு சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்ததா, சந்தோஷம் வந்ததா தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

"அப்பாதான உன்னக் கொட்டாய்க்கு அனுப்புனாரு?"

"அய்யய்ய, நானாத்தான்க்கா போனேன். அம்மா சர்க்கரைக்காரி. அவங்களுக்கு எதாச்சும் ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?"

"ஒட்டாதுன்னு அஞ்சு மாசமா உனக்குப் பாடம் எடுத்தேனே."

"மண்டைக்குத் தெரியுதுக்கா. மனசுக்குத் தெரியலையே" என்றான். "மாத்திரையும் ஒம்போது நாளா போடல. அதுக்கு அப்பறம் திட்டுங்க. மொதல்ல அப்பாகிட்ட பேசுங்க, நேராவே பேசுங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பதினாறு வருடக் கோபத்தை நான் தவறான ஆள்மேல் இறக்கியிருந்தேன். வீரையன் போனை வாங்கியதும் முதலில் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்த தாள் மேசையில் கிடந்தது.

"நீங்க விதைக்கடை இல்லன்னு எனக்கு ஆடியிலேயே தெரியும்மா" என்றார் அவர். "சி.ஆர். ஆயிரத்தொம்போது தொண்ணூறு நாளுன்னீங்களே. அதோட எந்த விதைக்கடைக்காரம்மா எம்புள்ள தூங்குறானான்னு கேப்பாங்க? என்னமோ நம்ம புள்ள மேல அக்கறப்பட்ட பொம்பள, போவட்டும்னு இருந்தேன். போன வாரம் கொட்டாயில மாத்திர டப்பா கெடந்துச்சு. அதுல இருந்த பேர செல்லுல காட்டிக் கேட்டேன், தமிழ்லயே சொல்லிருச்சு."

"தெரிஞ்சும் என்கிட்ட ஏங்கய்யா கேட்டீங்க?"

"நெல்லுக்குத் தப்பாச் சொல்லுவீங்க, இதுக்குச் சரியாச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

 அவரே தொடர்ந்தார்.

"எங்கப்பா காலத்துல எங்க சனத்துக்கு டீக்கடையில கொட்டாங்குச்சிம்மா. எனக்கு, வெளிய ஆணியில மாட்டுன தனி கிளாசு. அத எடுத்துட்டுப் பொதுக் கிளாசு வாங்குறதுக்கு நாங்க அடி வாங்குனோம், கேசுக்கு அலைஞ்சோம். இப்ப என் வூட்டுக்குள்ள எம்புள்ள தனக்குன்னு ஒரு டம்ளர எடுத்துத் தனியா வச்சிக்கிட்டான். குடிச்சிட்டு அவனே கழுவி, அவனே ஒரு ஓரமாக் கவுத்து வைக்கிறான். நோவு கெடக்கட்டும். அந்த டம்ளரத்தான்ம்மா என்னால பாக்க முடியல. ஒரே டம்ளர்ல குடிச்சா வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க."

"வராதுங்கய்யா. டம்ளர்ல வராது, தட்டுல வராது, பக்கத்துல படுத்தாலும் வராது."

"படிச்சுச் சொல்றீங்களா, பாத்துச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. நான் விற்ற நெல் அப்படி.

"எனக்கே இருக்குங்கய்யா. பதினாறு வருஷம். என் மக நான் கடிச்ச மீனப் புடுங்கித் தின்னு வளந்தவ. இப்ப நர்சிங் படிக்கிறா. அவளுக்கு ஒண்ணுமில்ல."

 அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு, "காலையில மொத வண்டிக்கு அவனக் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார்கள். நானும் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். வீரையன் நான் நினைத்ததைவிடக் குள்ளம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒல்லியா இருக்கீங்களே, சாப்பிடுறீங்களா?" என்று என் கேள்வியை என்னிடமே கேட்டார். ஒன்பது நாள் விட்டதற்கு உள்ளே டாக்டர் பகலவனைப் பிடிபிடியென்று பிடித்தார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துத் தலையாட்டினார். புது டப்பாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். பகலவன் தோள்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினான். எனக்கு மட்டும் இதுல ஊத்துங்க என்றான், எங்களைப் பார்க்காமல். அந்த டம்ளரை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் பையன்.

வீரையன் முகம் செத்துவிட்டது.  மகன் இரண்டு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"குடு."

"அப்பா, வேணாம்ப்பா. எச்சில்."

அவர் டம்ளரைப் பிடித்துவிட்டார். இவன் விடவில்லை. டீ விரலில் சிந்தியது. பகலவன் என்னைப் பார்த்தான். பயம் என்றால் அப்படி ஒரு பயம், கையில் விஷத்தை வைத்திருப்பவனைப்போல. எனக்குக் கண்ணீரும் வந்தது, அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் என்றும் வந்தது.

"விடுடா" என்றேன்.

விட்டான். வீரையன் நின்ற இடத்தில் நின்று, அவசரப்படாமல், அடிவண்டல் வரைக்கும் குடித்தார். பகலவன் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்துவிட்டு அவர் துண்டால் வாயைத் துடைத்தார்.

"சக்கர பத்தல" என்றார்.

 பகலவன் அப்பா கையிலிருந்த டம்ளரை வாங்கி, கழுவாமல் அப்படியே மாஸ்டரிடம் நீட்டினான்.

"இன்னொரு டீ இதுலயே ஊத்துங்கண்ணே. சக்கர தூக்கலா. எங்க ரெண்டு பேருக்கும்."